புது கம்ப்யூட்டரில் பாதி போட்டோ காணோம், அவசரம்!

வெண்மதி: வணக்கம். பழைய போட்டோ சாப்ட்வேரைப் புது கம்ப்யூட்டரில் போட்டேன். திறக்கிறது, ஆனால் பாதிப் படங்கள் வரவே இல்லை. டெலிட் ஆகிவிட்டதா? யாராவது சீக்கிரம் சொல்லுங்களேன்.

இளவேனில்: எந்த சாப்ட்வேர்? விண்டோஸா, மேக்கா? ஒரே போல்டரில் சில படங்கள் மட்டும் இல்லையா, முழு போல்டரே இல்லையா?

கோடங்கி: ஐகானில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி. அதில் விண்டோஸ் 7 என்று வையுங்கள். பழைய சாப்ட்வேர் எதுவானாலும் இதுதான் மருந்து.

பெரியவர்: பெயரைக்கூடச் சொல்லாமல் கேட்டால் நாங்கள் ஜோசியம்தான் பார்க்க வேண்டும். கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது, தங்கச்சி.

வெண்மதி: பிகாசாதான். விண்டோஸ் 11. கோடங்கி சொன்னதைச் செய்துவிட்டேன், ஒன்றும் மாறவில்லை.

இளவேனில்: விண்டோஸ் என்பதால் தப்பித்தீர்கள். மேக்கில் 2019-இல் வந்த கேட்டலினா பதிப்பிலிருந்து 32 பிட் என்கிற பழைய வகை சாப்ட்வேர் எதுவும் திறக்காது, பிகாசாவும் அதில் அடக்கம்.

பெரியவர்: பிகாசாவா! கூகுள் அதை 2016 மார்ச்சிலேயே நிறுத்திவிட்டது. 3.9-தான் கடைசிப் பதிப்பு. இன்னும் அதையே கட்டிக்கொண்டு அழுவானேன்? டிஜிகாம் என்று ஒரு போட்டோ சாப்ட்வேர் இருக்கிறது, இலவசம், இன்றைக்கும் புதுப்பிக்கிறார்கள்.

நிழற்குடை: டிஜிகாமில் ஒரு படத்தை நேராக்க எத்தனை மெனு தேட வேண்டும் தெரியுமா? பிகாசாவில் ஒரு ஸ்லைடர், முடிந்தது.

பெரியவர்: சோம்பேறித்தனத்துக்கு மென்பொருள் பொறுப்பில்லை. பிகாசா திருத்தங்களைப் படத்தில் எழுதாமல் ஒவ்வொரு போல்டரிலும் ஒளிந்திருக்கும் ஒரு ஐஎன்ஐ கோப்பில் வைக்கும். கம்ப்யூட்டர் மாற்றும்போது அதை விட்டால் எல்லாம் போச்சு.

நிழற்குடை: திருத்தியதும் சேவ் கொடுத்தால் படத்திலேயே எழுதிவிடும், பழைய பிரதியையும் தனியாக வைத்திருக்கும். முகங்களின் பெயரைப் படத்தில் சேமிக்க 3.9-இல் ஆப்ஷனே இருக்கிறது. பயன்படுத்திப் பார்த்துவிட்டுப் பேசுங்கள், ஐயா.

சுடரொளி: சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். வெண்மதி, காணாமல் போனதெல்லாம் ஐபோனில் எடுத்த படங்களா? பைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ, ஷோ, பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்யுங்கள். பெயரின் கடைசியில் ஹெச்இஐசி என்று இருந்தால் படங்கள் பத்திரமாகத்தான் இருக்கின்றன. 2017-இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 11 வந்தபோதுதான் ஐபோன் அந்த வடிவத்துக்கு மாறியது. அதற்கு முந்தைய ஆண்டே நின்றுபோன பிகாசாவுக்கு அது தெரிய வாய்ப்பே இல்லை. படங்களை ஜேபெக்காக மாற்றுங்கள். இனி எடுப்பவற்றுக்கு போனில் செட்டிங்ஸ், கேமரா, பார்மேட்ஸ் போய் மோஸ்ட் கம்பாட்டிபிள் வைத்துவிடுங்கள்.

கோடங்கி: எனக்கென்னவோ ஆன்டிவைரஸ் மேல்தான் சந்தேகம்.

நிழற்குடை: ஆன்டிவைரஸ் ஐபோன் படத்தை மட்டும் பொறுக்கி எடுத்து மறைக்குமா?

பெரியவர்: டிஜிகாம் ஹெச்இஐசியையும் திறக்கும். சொன்னால் யார் கேட்கிறார்கள்.

வெண்மதி: ஆமாம், எல்லாம் ஹெச்இஐசி. மாற்றியதும் வந்துவிட்டது. நன்றி சுடரொளி!

இளவேனில்: எதை வைத்து மாற்றினீர்கள்? மாற்றிய படங்களில் எடுத்த தேதி அப்படியே இருக்கிறதா? எனக்கும் இதே வேலை காத்திருக்கிறது.

இளவேனில்: வெண்மதி?

கோடங்கி: அந்த விண்டோஸ் 7 செட்டிங்கை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.