கணக்கு நோட்டை ஒளித்து வைக்கிறான், வீட்டுப் படிப்பை எப்படி மாற்றுவது?

மன்னார்குடி அம்மா:
பையனுக்கு 9 வயது. பள்ளியில் எல்லார் முன்னாலும் திட்டு வாங்கி வாங்கி, காலையானால் வயிற்றுவலி என்று சுருண்டு படுக்க ஆரம்பித்ததால் ஆறு மாதமாக வீட்டிலேயே சொல்லித் தருகிறேன். நானும் மணியடிக்காத குறையாக 9 முதல் 3 வரை அட்டவணை போட்டேன், இப்போது என்னைப் பார்த்தாலே நோட்டை ஒளித்து வைக்கிறான். என்ன செய்யலாம்?

கும்பகோணம் அப்பா:
முதலில் அட்டவணையைக் கிழித்துப் போடுங்கள் சகோதரி. எங்கள் மகளுக்கு இரண்டு மாதம் பாடமே நடத்தவில்லை (மாமியார் முறைத்தது தனிக்கதை). அப்புறம் குறுவை அறுவடை சமயம் களத்தில் நெல் அளக்க விட்டேன். 8 படி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம், அப்படியானால் 3 கலத்துக்கு எத்தனை படி? விரல் விட்டு எண்ணி 288 என்றாள். பெருக்கல் என்ற வார்த்தையையே நான் எடுக்கவில்லை.

திருவாரூர்க்காரி:
எண்களை மாற்றி மாற்றி எழுதுகிறானா? அப்படியென்றால் அடம் என்று நினைக்காமல் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மன்னார்குடி அம்மா:
ஆமாம், 6க்கு 9 போடுகிறான். பார்க்கிறேன். பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு?

கும்பகோணம் அப்பா:
தேசிய திறந்தநிலைப் பள்ளியில் (NIOS, வீட்டிலிருந்தே படித்துத் தேர்வு எழுத வழிசெய்யும் மத்திய அரசு வாரியம்) 14 வயது முடிந்ததும் எழுதலாம். இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது, இப்போது களத்துக்குக் கூட்டிப் போங்கள்.