ஜப்பானிஸ் மேப்பிள் இலை ஓரம் கருகுது, உரம் போடலாமோ?

கேள்வி: நாங்கள் டொரொண்டோ, ஸ்காபரோ பக்கம். போன வருசம் வீட்டுக்கு முன்னால பிளட்குட் எண்ட ஜப்பானிஸ் மேப்பிள் மரம் ஒண்டு வைச்சனாங்கள், வசந்தத்தில நல்ல வடிவா கடுஞ்சிவப்பாத் துளிர்த்தது, இப்ப ஜூலை வெயிலுக்கு மேற்குப்பக்க இலையெல்லாம் ஓரம் காய்ஞ்சு கையில நொறுங்குது. உரம் போட்டா சரிவருமோ?

பதில் 1: இப்ப உரம் வேண்டாம், வாடி நிக்கிற மரத்துக்கு அது இன்னும் கஷ்டம். இதின்ர வேர் மேலாலதான் ஓடும், பின்னேர வெயிலும் காத்தும் சேர்ந்தா இலைக்குத் தண்ணி போய்ச் சேராது. மண்ணில விரலை விட்டுப் பாருங்கோ, உள்ள காய்ஞ்சிருந்தா தண்ணி ஓஸ் பைப்பை மெல்லமாத் திறந்து அடியில கனநேரம் விடுங்கோ. மரச்சீவல் 2-3 இஞ்சி பரப்புங்கோ, ஆனா தண்டோட முட்டக்கூடாது, முட்டினா பட்டை அழுகும்.

பதில் 2: அண்ணை சொன்னது சரி. ஆனா ஒரு கொப்பு மட்டும் திடீரெண்டு வாடினா கவனம். அதை வெட்டிப் பாருங்கோ, உள்மரத்தில பச்சை கலந்த சாம்பல் கோடு தெரிஞ்சா வெர்டிசிலியம் பூஞ்சையா இருக்கலாம், அதுக்கு மருந்தில்லை. கத்தரி, தக்காளியையும் அது பிடிக்கும், மண்ணில வருசக்கணக்காக் கிடக்கும், அதால மரக்கறிப் பாத்தி இருந்த இடத்தில மேப்பிள் வைக்கிறது எனக்கு விருப்பமில்லை.

கேட்டவர்: நன்றி. கொப்பெல்லாம் நல்லா இருக்கு, ஓரம் மட்டும்தான். கருகின இலையைப் பிடுங்கவோ?

பதில் 1: விடுங்கோ, பச்சையம் மிச்சமிருக்கிற வரைக்கும் அது மரத்துக்குச் சாப்பாடு. பனிக்காலத்தில டிரைவ்வேயில போடுற உப்பு மட்டும் வேர்ப்பக்கம் போகாமப் பாருங்கோ.