புதுப்பிப்பு: ஆட்டோகேட் குறுக்குவிசைகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சின்ன வரைபட அலுவலகத்தில் வேலை செய்கிறேன், தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளின் பின்பக்க அடுக்களை நீட்டிப்புப் பிளான்களை ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் வேகமாகப் போட வழி என்ன என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். ஐகான்களைத் தேடாதே, இடது கை விசைப்பலகையை விட்டு நகரவே கூடாது என்றார் ஈப்போ அண்ணன் ஒருவர். அதன்படியே செய்தேன். பெரிய மாற்றம்!

அதிகம் உதவுவது ஸ்பேஸ் விசைதான். அதுவே என்டர், கட்டளை முடிந்தபின் தட்டினால் அதே கட்டளை மறுபடி வரும். சுவருக்கு 'ஓ' தட்டி ஆஃப்செட் (கோட்டுக்கு இணையாக இன்னொரு கோடு), 115 மில்லிமீட்டர் தள்ளி, அப்புறம் 'டிஆர்' தட்டி, அதாவது டிரிம், மிச்சக் கோடுகளை வெட்டுகிறேன். 2021 பதிப்பிலிருந்து டிரிம்முக்கு எல்லைக்கோட்டைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டாம். எஃப்8 கோட்டைக் கிடையாகவோ செங்குத்தாகவோ மட்டும் போகவைக்கும், எஃப்3 முனைகளைப் பிடிக்கும்.

கட்டளைகளின் சுருக்க எழுத்துகளை நாமே மாற்றலாம் என்பது எனக்குப் புதிது. முதலில் இருப்பது 'சி' வட்டத்துக்கு, நகலெடுக்க 'சிஓ'. வீட்டுப் பிளானில் வட்டம் எத்தனை வரப்போகிறது? மேனேஜ் தாவலில் எடிட் அலியாசஸ் போய், இந்தச் சுருக்கங்கள் இருக்கும் பிஜிபி கோப்பில் 'சி'யை நகலுக்குக் கொடுத்துவிட்டேன். எழுத்து, காற்புள்ளி, நட்சத்திரக்குறி, கட்டளைப்பெயர், அவ்வளவுதான் ஒரு வரி. சேமித்தபின் 'ரீஇனிட்' கட்டளையில் பிஜிபி பெட்டியை டிக் செய்தால் உடனே வேலை செய்யும். கணினியைப் பலர் பகிர்ந்தால் இதைச் செய்யாதீர்கள், அடுத்தவர் திணறிப்போவார்.

அண்ணனுக்கு மனமார்ந்த நன்றி. லேயர் (வரைபட அடுக்கு) குறுக்குவிசைகள் பற்றி யாராவது சொன்னால் அதையும் பழகிக்கொள்வேன்.