புதுப்பிப்பு: ஆறு பேர் படகில் அம்மாவுக்கு எந்தப் படுக்கை?

சத்துவாச்சாரியிலிருந்து இங்கிலாந்தில் உள்ள மகளிடம் வந்த நாங்கள், நார்ஃபோக் பிராட்ஸ் நீர்வழியில் ஆறு பேருக்கான வாடகை மோட்டார் படகில் முழங்கால் வலியுள்ள அம்மாவை எங்கே படுக்க வைப்பது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் தந்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பயணம் நல்லபடியாக முடிந்தது.

கைகொடுத்தது ராணிப்பேட்டை ஐயாவின் யோசனைதான்: விளம்பர எண்ணிக்கையை விட்டுவிட்டு, படகின் உள்ளமைப்பு வரைபடத்தைக் கேட்டு வாங்கி நிலையான படுக்கைகளை மட்டும் எண்ணச் சொன்னார். எண்ணினால் நான்குதான். மீதி இரண்டு, சாப்பாட்டு மேசையை இறக்கி மெத்தை பரப்பினால் வருபவை. இரவில் மேசையை ஒழித்தால்தான் தூக்கம், காலையில் மெத்தையை எடுத்தால்தான் காபி! அங்கே நானும் கணவரும் படுத்தோம். முன்முனையில் ‘வி’ வடிவப் படுக்கை கால்மாட்டில் குறுகுகிறது. பேரப்பிள்ளைகளுக்கு அது தாராளம். பின்னறைக் கட்டிலில் இருபுறமும் இறங்கலாம், கழிவறையும் பக்கத்திலேயே. அதனால் அம்மாவும் மகளும் அங்கே. இன்ஜின் சத்தம் பற்றிய கவலையும் தேவையில்லை. வாடகைப் படகுகள் இருட்டியபின் ஓடக் கூடாது.

எதிர்பாராதது ஈரம். மூச்சுக்காற்று கண்ணாடியில் நீராகக் கோத்து, சுவரோர மெத்தை விளிம்பு நனைந்துவிட்டது. கூரைத் திறப்பை விரலளவு திறந்து வைத்த பிறகு குறைந்தது.