ஸ்டீல் பிளேட்டா, அலுமினியமா? ஹார்னஸ் அளவு எடுப்பது எப்படி?

கீழ்க்காற்று:
வணக்கம். ஸ்கூபா டைவுக்கு ஜாக்கெட் பிசிடியை (காற்று நிரப்பி மிதப்பைச் சரிசெய்யும் மேலங்கி) விட்டுவிட்டு பேக்பிளேட் (சிலிண்டரை முதுகில் தாங்கும் உலோகத் தகடு), விங் (அதன் பின்னால் மாட்டும் மிதப்புக் காற்றுப்பை) வாங்கப் போகிறேன். ஒற்றை அலுமினியம் சிலிண்டர் (11.1 லிட்டர், 207 பார் அழுத்தம்), 5 மி.மீ. வெட்சூட் (ரப்பர் டைவ் உடை), வெயிட் பெல்ட்டில் 6 கிலோ ஈயம். கடலில் மட்டும்தான் டைவ். எந்த பிளேட் எடுப்பது? விங் 13 கிலோ தாங்கினால் போதுமா, 18 வேண்டுமா? கிளிப் எதுவும் இல்லாத, ஒரே நீள வெப்பிங்கால் (பட்டை) ஆன ஹார்னஸை (கருவியை உடலோடு கட்டும் பட்டை அமைப்பு) தண்ணீரில் கழற்ற முடியுமா?

ஆழமானி:
உங்கள் சிலிண்டருக்கு ஸ்டீல்தான். கணக்கைப் பாருங்கள். அலுமினியம் சிலிண்டர் நிறைந்திருக்கும்போது கொஞ்சம் மூழ்கும். காலியாகும்போது ஏறக்குறைய 2 கிலோ மேலே இழுக்கும். ஸ்டீல் பிளேட் சுமார் 2.7 கிலோ, கடல்நீரில் அதன் நிகர எடை 2.3 கிலோ சொச்சம். அந்த இழுப்பை பிளேட்டே சமன் செய்துவிடும். அலுமினியம் பிளேட் தண்ணீரில் அரை கிலோவைத் தாண்டாது, மிச்சத்தை ஈயமாகத்தான் இடுப்பில் கட்ட வேண்டும்.

ஜாக்கெட்டின் திணிப்பும் தன் பங்குக்கு மிதக்கும். அதனால் 6 கிலோவிலிருந்து 3 கிலோவுக்கு இறக்கி சோதனையைத் தொடங்கலாம். டைவ் முடிவில் 50 பார் இருக்கும்போது விங்கை முழுக்கக் காலி செய்து, 3 மீட்டரில் சாதாரணமாக மூச்சுவிட்டபடி நிற்க முடிகிறதா என்று பாருங்கள். மேலே போனால் அரை அரை கிலோவாகக் கூட்டுங்கள். சிலிண்டர் நிறைந்திருக்கும்போது செய்யும் சோதனை ஏமாற்றும். உள்ளே இருக்கும் காற்று மட்டும் 2.7 கிலோ இருக்கும்.

ஸ்டீல் சிலிண்டர், ஸ்டீல் பிளேட், 3 மி.மீ. சூட் என்று சேர்த்தால் கதை மாறும். கழற்றிப் போட ஈயமே இருக்காது. விங் கிழிந்தால் நீந்தியே மேலே வர வேண்டும். அந்த அமைப்புக்கு அலுமினியம் பிளேட்தான் புத்திசாலித்தனம்.

விங் இரண்டு வேலை செய்ய வேண்டும். ஒன்று, ஆழத்தில் சூட் நசுங்கி இழக்கும் மிதப்பையும் சிலிண்டர் காற்றின் எடையையும் தாங்குவது. சூட்டை ஒரு வலைப்பையில் போட்டு, அது மூழ்கும்வரை ஈயம் சேர்த்தால் சூட்டின் முழு மிதப்பு தெரிந்துவிடும். இரண்டு, நீங்கள் கழற்றிவிட்ட பிறகும் கருவி தானாக மேற்பரப்பில் மிதப்பது. உங்களுக்கு 13 கிலோ தாராளம். இரட்டை சிலிண்டருக்கான அகல விங்கை ஒற்றையில் மாட்டினால் ஓரங்கள் சிலிண்டரைச் சுற்றி மடிந்து காற்றைச் சிறைப்பிடிக்கும், டம்ப் வால்வை (காற்றை வெளியேற்றும் வால்வு) திறந்தாலும் வராது.

வெப்பிங்காரன்:
ஹார்னஸ் பற்றி நான் சொல்கிறேன். 5 செ.மீ. அகலத்தில் விறைப்பான வெப்பிங் சுமார் நான்கு மீட்டர் வாங்குங்கள். துவளும் வகை வேண்டாம், டி-ரிங் (கருவிகளை மாட்டும் D வடிவ வளையம்) தொங்கி நழுவும். நடுப்பகுதியைப் பிளேட்டின் மேல் துளைகளில் கோத்து, இரு முனைகளையும் தோள் வழியாகக் கீழே இறக்கி, கீழ்த் துளைகளில் நுழைத்து இடுப்புக்குக் கொண்டுவாருங்கள். கோக்கும்போதே டி-ரிங்குகளை மாட்டிவிடுங்கள்: தோளுக்கு ஒன்றொன்று, இடது இடுப்பில் ஒன்று. பிறகு மாட்ட நினைத்தால் எல்லாவற்றையும் உருவ வேண்டிவரும்.

அளவு எடுப்பதை டைவ் செய்யும் சூட்டோடுதான் செய்ய வேண்டும். தோளுக்கும் பட்டைக்கும் நடுவே விரித்த கை சிரமமில்லாமல் போய்வர வேண்டும். பெரும்பாலோர் முதுகுப்பை மாதிரி இறுக்கிக் கட்டிவிட்டு "கழற்ற முடியவில்லை" என்கிறார்கள். பிளேட்டைப் பிடித்து வைப்பது இடுப்புப் பட்டையும், தொடையிடுக்கு வழியாக முன்னால் வரும் கிராட்ச் ஸ்ட்ராப்பும்தான். தோள்பட்டைக்கு அதில் பெரிய பங்கில்லை. தோள் டி-ரிங் காறை எலும்புக்குச் சற்றுக் கீழே. இடுப்பு ரிங் இடுப்பெலும்பின் மேல். பக்கிள் நடுவில் வராமல் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி இருந்தால் கிராட்ச் ஸ்ட்ராப்பின் முன் ரிங் அதில் உரசித் திறக்காது.

நான்கைந்து டைவ் போகும்வரை வெப்பிங்கை வெட்டாதீர்கள். வெட்டும்போது சாய்வாக வெட்டி, லைட்டரால் விளிம்பை உருக்குங்கள். உருகிய கட்டி தடித்து நின்றால் அது பக்கிளில் நுழையாது, சூட்டையும் கிழிக்கும். பக்கிளைத் தாண்டி ஒரு சாண் வால் இருக்கட்டும், தடித்த சூட் போடும் நாளில் தேவைப்படும்.

கழற்ற: ரெகுலேட்டர் (மூச்சுவிடும் கருவி) வாயில் இருக்கட்டும். பக்கிளைத் திறந்து கிராட்ச் ஸ்ட்ராப்பை விடுவியுங்கள். இடது கட்டைவிரலைப் பட்டைக்கு அடியில் கொடுத்து வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டே, முழங்கையை மடித்து உள்ளே இழுத்து எடுங்கள். ஒரு கை வந்துவிட்டால் மறு கை தானாக வரும்.

நீர்க்கோடு:
கிளிப்பே கூடாது என்று யாராவது அடித்துச் சொன்னால் முழுக்க ஏற்க வேண்டாம். தோள் மூட்டு மடங்காதவர்களுக்கு இடது தோளில் ஒரே ஒரு கிளிப் நியாயமானது. ஆனால் பிளாஸ்டிக் உடையும் என்பதை நினைவில் வைத்து, டைவுக்கு முன் அதைச் சோதியுங்கள். மயங்கியவரைக் கருவியிலிருந்து எடுக்க கிளிப் தேவையில்லை, பட்டையை வெட்டினால் போதும். இடுப்புப் பட்டையின் இடப்பக்கம், இரு கைக்கும் எட்டுமிடத்தில் கத்தி வையுங்கள்.

வெயிட் பெல்ட்டை கிராட்ச் ஸ்ட்ராப் போட்ட பிறகு கட்டுங்கள். அடியில் மாட்டிக்கொண்டால் பக்கிளைத் திறந்தாலும் விழாது.

கீழ்க்காற்று:
நன்றி. ஸ்டீல், 13 கிலோ விங் வாங்கி குளத்தில் பார்த்தேன். மூன்று தொல்லை: வலது தோள்பட்டை தானாக நீளமாகிறது, சிலிண்டர் கீழே நழுவுகிறது, கால் தாழ்கிறது.

வெப்பிங்காரன்:
முதலாவது, வெப்பிங் நடுவில் பூட்டப்படவில்லை. மேல் துளைகளுக்குப் பின்னால் இருபுறமும் ஒவ்வொரு ட்ரை-கிளைடு (பட்டையை நழுவாமல் பூட்டும் கொக்கி) இறுக்கமாகப் போடுங்கள்.

இரண்டாவது, கேம் பேண்ட் (சிலிண்டரைப் பிளேட்டோடு கட்டும் பட்டை). நைலான் நனைந்தால் நீளும். மாட்டுவதற்கு முன் நனைத்துவிட்டு இறுக்குங்கள். பக்கிளில் கோத்த வரிசையையும் சரிபாருங்கள்; ஒரு துளை விட்டுப்போனால் எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது.

ஆழமானி:
கால் தாழ்வதற்கு: முதலில் சிலிண்டரை பேண்டுகளில் 3 செ.மீ. மேலே ஏற்றுங்கள், தலையில் வால்வு இடிக்காத அளவுக்கு. போதாவிட்டால் பெல்ட்டில் இருக்கும் ஈயத்தில் 1 கிலோவை மேல் கேம் பேண்டில் கோத்த சிறு பைக்கு மாற்றுங்கள். இரண்டையும் ஒரே டைவில் செய்தால் எது பலன் தந்தது என்று தெரியாது. கிராட்ச் ஸ்ட்ராப் தளர்ந்து பிளேட் கழுத்துப் பக்கம் ஏறுகிறதா என்றும் பாருங்கள். நிமிர்ந்து நிற்கையில் தொடையிடுக்கில் வெட்டாமலும், குனிகையில் தொங்காமலும் இருந்தால் அளவு சரி.