கூட்டத்தில் பேசியது மினிட்ஸில் வராமல் போன அனுபவம் உண்டா?

பாலாற்றங்கரை
பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி, உயர்கல்வியில் பெண்களை நிர்வாகப் பொறுப்புக்குத் தயார்செய்ய நடத்திய பயிலரங்கு பற்றி இங்கே விளக்க வேண்டியதில்லை, பலரும் போயிருப்பீர்கள். தயங்காமல் பேச அங்கேதான் கற்றுக்கொண்டேன். ஊர் திரும்பிய கையோடு நிதிக்குழுக் கூட்டம். டீன் என்ற முறையில் நானும் உறுப்பினர். ஆய்வகக் கருவி வாங்கும் கோப்பு ஒன்று அஜெண்டாவில் இல்லாமல் டேபிள் ஐட்டமாக வந்தது. மூன்று கம்பெனி கொட்டேஷன். மூன்றிலும் ஒரே எழுத்துரு, 'வாரண்டி' என்ற சொல்லில் மூன்றிலும் ஒரே ஸ்பெல்லிங் பிழை. தாளைத் தூக்கிக் காட்டியே சொன்னேன். பக்கத்தில் இருந்த மூத்த பேராசிரியர், "மேடம் சொல்றதும் நல்ல பாயிண்ட்தான்" என்றார். அடுத்த கோப்புக்குப் போய்விட்டார்கள். மினிட்ஸ் வந்தபோது பார்த்தால், "விவாதித்து ஒருமனதாக ஏற்கப்பட்டது." வருகைப் பட்டியலில் என் பெயர். இன்னும் ஆறவில்லை. பேசக் கற்றுக்கொடுத்தவர்கள், பேசியதைப் பதிவு செய்ய வைப்பது எப்படி என்று ஒரு வகுப்பு எடுத்திருக்கக் கூடாதா?

கோட்டைவாசல்
உங்களுக்காவது உட்கார நாற்காலி இருந்தது மேடம். நான் எங்கள் கல்லூரியின் ஐக்யூஏசி, அதாவது உள்தர உறுதிப் பிரிவின் ஒருங்கிணைப்பாளர். தர மதிப்பீட்டுக்காகக் கல்லூரி கொடுக்கும் எஸ்எஸ்ஆர் என்ற சுய ஆய்வு அறிக்கை முழுக்க நான் எழுதியது. கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்பின் குழு வந்த அன்று முதல்வர் வாசித்த ஸ்லைடுகளும் நான் செய்தவைதான். நான் நின்றது மேடையின் பக்கவாட்டுக் கதவருகே, சால்வைத் தட்டோடு. குழுத் தலைவர் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார். மேடையில் பதில் இல்லை. எல்லார் தலையும் கதவுப் பக்கம் திரும்பியது. தட்டைப் பிடித்தபடியே ஆண்டுவாரியாகச் சொன்னேன். "நீங்கள் யார்?" என்றார் அவர். முதல்வர் முந்திக்கொண்டு, "எங்க ஸ்டாஃப்தான் சார்" என்றார்.

கேட்காமலே நமக்குக் கிடைக்கும் தலைமை, பாலியல் புகார்களை விசாரிக்கும் ஐசிசி என்ற உள் புகார்க் குழு மட்டும்தான். அதுவும் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டம் மூத்த பெண்தான் தலைவர் என்று சொல்வதால்.

ஆற்காட்டுக்காரி
பயிற்சியில் இது இல்லை அது இல்லை என்று பேசுவது எனக்கு ஒப்பவில்லை. நான் அரசுக் கல்லூரி. முதல்வர் பதவி உயர்வு ஆணை தென்மாவட்டத்துக்கு வந்தது. மகள் பிளஸ் டூ, மாமியாருக்கு வாராவாரம் டயாலிசிஸ். வீட்டுக்காரர் "நீயே முடிவு பண்ணு"ன்னுதான் சொன்னார். ஆனால் சாப்பாட்டு மேசையில் வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்து வைத்திருந்தார். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். எனக்கு ஜூனியர் ஒருவர் அந்தப் பதவியில் சேர்ந்தார். பேசும் திறமையா எனக்குக் குறைச்சல்? கூட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தானே மேடம் மினிட்ஸ் கவலை.

சத்துவாச்சாரி
ஆற்காட்டுக்காரி அக்கா, உங்கள் வலி புரிகிறது. ஆனாலும் பயிற்சியைத் தள்ளிவிடாதீர்கள். நான் வேலை செய்தது பெண்கள் கல்லூரியில். பணியில் சேர்ந்த புதிதில் ஒருநாள் கல்லூரியை நடத்திய கன்னியாஸ்திரீ சிஸ்டர் கேஷ் புக்கை என் முன் வைத்து, "இன்னைக்கு நீ டேலி பண்ணு" என்றார். தமிழ் டிபார்ட்மென்ட் ஆள் நான், கை நடுங்கியது. விளக்கைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே ஜெபமாலை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கணக்குப் புரிந்த பிறகு எந்தக் கூட்டமும் எனக்குப் பயமில்லை. நம்ம வேலூரிலேயே பாருங்கள். அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் 1918-ல் இங்கே தொடங்கியது பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அதிலிருந்து வளர்ந்த சி.எம்.சி. என்ற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் முதல் இந்திய இயக்குநர் ஹில்டா லாசரஸ், ஒரு பெண். பொறுப்பைக் கையில் கொடுத்தால் தலைமை தானாக வரும்.

ஆற்காட்டுக்காரி
கொடுத்தால்! அதைத்தானே சொல்கிறேன்.

காட்பாடி ஜங்ஷன்
பெண்கள் பேசும் இடத்தில் நுழைவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக அலுவலகத்தில், ஆட்சிக்குழுவான சிண்டிகேட்டின் வேலைகளைப் பார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு பெண் உறுப்பினர் கூட்டம் முடிந்த அன்று மாலையே எங்கள் செக்‌ஷனுக்கு நேரில் வந்து, தன் மறுப்பை எழுத்தில் கொடுத்து, முத்திரை வாங்கிக்கொண்டு போனார். அந்தத் தாளை ஒதுக்கிவிட்டு மினிட்ஸ் டைப் செய்ய யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

பாலாற்றங்கரை மேடம், வாயால் சொன்னது கோப்பில் கிடையாது. அன்றைக்கே கடிதம் கொடுத்து, தபால் பிரிவில் எண் வாங்குங்கள். இப்போதும் வழி அடைபட்டுவிடவில்லை. அடுத்த கூட்டத்தின் முதல் பொருளே முந்தைய மினிட்ஸை உறுதி செய்வதுதான். எல்லாரும் டீ குடிக்கும் நேரத்தில் அது போய்விடும். அங்கேதான் கையைத் தூக்க வேண்டும், உறுதி செய்துவிட்டால் திருத்துவது பெரும்பாடு. பணம் சம்பந்தப்பட்டது டேபிள் ஐட்டமாக வந்தால், தாள்களைப் படித்துவிட்டுத்தான் கருத்துச் சொல்வேன் என்று ஒத்திவைக்கக் கேளுங்கள். அரசுப் பல்கலை என்றால் 1998-ம் வருடத்து டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது, அதைச் சொல்லுங்கள். நாளைக்கு உள்ளாட்சி நிதித் தணிக்கைக்காரர்கள் வந்து கேட்கும்போது, "ஒருமனதாக" என்றால் உங்கள் தலையும் சேர்த்துத்தான் உருளும். பல்கலைக்கழகச் சட்டமும் விதிகளும் அடங்கிய புத்தகத்தைக் கைப்பையிலேயே வைத்திருங்கள். மேசையில் அது இருந்தாலே பேச்சின் தொனி மாறும், பார்த்திருக்கிறேன்.

கோட்டைவாசல்
நாற்காலி இருப்பவர்களுக்கான யோசனை சார். தட்டோடு நிற்பவர்களுக்கு?

காட்பாடி ஜங்ஷன்
ஐக்யூஏசி கூட்ட மினிட்ஸை எழுதுவது நீங்கள்தானே மேடம்? அறிக்கையின் எந்தப் பகுதி யார் தயாரித்தது என்று அதில் பெயரோடு எழுதி, முதல்வரிடம் கையெழுத்து வாங்குங்கள். அடுத்த முறை பிரசன்டேஷனையும் உங்கள் பெயருக்கே ஒதுக்கித் தீர்மானம் போடுங்கள்.

பாலாற்றங்கரை
சார், அடுத்த கூட்டத்துக்கு நோட்டீஸ் வந்துவிட்டது. நீங்கள் சொன்னபடி மினிட்ஸ் உறுதி செய்வதுதான் முதல் பொருள். கடிதம் யாருக்குக் கொடுக்க வேண்டும்?

காட்பாடி ஜங்ஷன்
நிதிக்குழுவின் செயலர் யாரோ அவருக்கு. நகல் துணைவேந்தருக்கு. மூன்று கொட்டேஷனையும் ஜெராக்ஸ் எடுத்து, அந்தப் பிழையை வட்டம் போட்டு இணையுங்கள். எண் வாங்காமல் தபால் பிரிவை விட்டு நகராதீர்கள்.