எல்.எம்.பி. டாக்டராக இருந்த கொள்ளுத்தாத்தா: திருமயம் பக்கம், 1912 முதல் 1935 வரை. எங்கே தேடுவது?

வெள்ளாற்றங்கரை:

எல்லோருக்கும் வணக்கம். என் அம்மாவின் தாத்தா, எல்.எம்.பி. என்ற அந்தக் காலத்து மருத்துவப் பட்டயம் படித்த டாக்டர். ஊரில் எங்கள் வீட்டுக்கு இன்றும் 'டாக்டர் வீடு' என்றுதான் பெயர். ஆனால் அவரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. அவர் காதில் விழும்படி இந்த வரலாற்றைச் சேர்த்து வாசித்துக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை.

வீட்டில் சொல்லிவருவது இது. மெட்ராஸ் ஸ்டான்லி மெடிக்கல் காலேஜில் படித்து 1912-இல் முடித்தார். முதலில் அறந்தாங்கி தர்மாஸ்பத்திரியில் வேலை. பிறகு திருமயம் பக்கம் ஒரு டிஸ்பென்சரிக்கு 'சர்க்கார் டாக்டர்' ஆக வந்து கடைசிவரை அங்கேயே இருந்தார். முதல் மனைவி காளயுக்தி வருஷம் ஐப்பசியில் காய்ச்சலில் போய்விட்டார். அவருக்கு ஒரே பெண் குழந்தை. அதைத் தாய்மாமன் மலேயாவுக்குக் கூட்டிப்போய்விட்டார். அவர் அங்கே எஸ்டேட் ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தோடு தொடர்பே இல்லை. நாங்கள் இரண்டாவது மனைவியின் வழி. தாத்தா இறந்தது பவ வருஷம் மாசி மாதம். திதி விடாமல் கொடுத்துவருகிறோம்.

கையில் இருப்பது அவருடைய மருந்துச்சீட்டு நோட்டு ஒன்று, ஓரம் கிழிந்த கிரயப் பத்திரம் ஒன்று, ஒரு போட்டோ. மெட்ராஸ் சர்க்காரின் பழைய உத்தியோகஸ்தர் பட்டியல்களை இணையத்தில் கிடைத்த மட்டும் புரட்டிவிட்டேன், பெயர் இல்லை. ஸ்டான்லி என்று தேடினால் 1930-களுக்கு முன்னால் ஒன்றுமே வரவில்லை. சர்க்கார் டாக்டர் என்றால் எங்காவது இருக்க வேண்டாமா?

ஸ்டான்லி84:

அந்தக் கல்லூரியில் படித்தவன் என்பதால் இதை மட்டும் சொல்கிறேன். 1912-இல் ஸ்டான்லி என்ற பெயரே கிடையாது. அப்போது அது ராயபுரம் மெடிக்கல் ஸ்கூல். அங்கே எல்.எம்.பி. பட்டயம் முதன்முதலில் கொடுத்தது 1911-இல். கவர்னர் ஸ்டான்லியின் பெயரை 1934-இல் வைத்தார்கள். கல்லூரியாக ஆனது 1938 ஜூலையில். உங்கள் தாத்தா 1912-இல் முடித்தார் என்றால், எல்.எம்.பி. வாங்கிய முதல் சில செட்டுகளில் ஒருவர். வீட்டில் பிற்காலத்துப் பெயரைச் சொல்லிப் பழகியிருப்பார்கள். ராயபுரம் என்று போட்டுத் தேடுங்கள். எல்.எம்.பி. வேறு ஊர்ப் பள்ளிகளிலும் கொடுத்தார்கள், தஞ்சாவூரிலும் ஒரு மெடிக்கல் ஸ்கூல் இருந்தது. அறந்தாங்கியிலிருந்து பார்த்தால் அதுதான் பக்கம். அதையும் ஒதுக்கிவிடாதீர்கள்.

கீரனூர்வாசி:

அறந்தாங்கி, திருமயம் இரண்டுமே புதுக்கோட்டைதானே? புதுக்கோட்டை சமஸ்தானக் கோப்புகளில் தேடினால் எல்லாம் கிடைக்கும்.

பழங்காகிதம்:

பாதி சரி. திருமயம் சமஸ்தானம்தான். ஆலங்குடி, குளத்தூர், திருமயம் என்று மூன்று தாலுகா அவர்களுடையது. அறந்தாங்கி அப்படியில்லை. அன்றைக்கு அது பிரிட்டிஷ் பகுதி, தஞ்சாவூர் ஜில்லா. 1974 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் உருவானபோதுதான் இரண்டும் ஒரே மாவட்டமாயின.

ஆகவே வெள்ளாற்றங்கரை, உங்கள் தாத்தா அறந்தாங்கியிலிருந்து திருமயத்துக்கு மாறியபோது ஒரு அரசாங்கத்தை விட்டு இன்னொரு அரசாங்கத்துக்குப் போயிருக்கிறார். தூரம் கொஞ்சம்தான்; ஆனால் சம்பளம் கொடுத்த கை வேறு. 'சர்க்கார்' என்று ஊர் சொன்னது புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான் மன்னரின் தர்பாரை. மெட்ராஸ் பட்டியலில் அவர் இல்லாததற்கு அதுவே போதுமான காரணம். அறந்தாங்கிக் காலத்திலும் அவர் போர்டு சம்பளத்தில் இருந்திருக்கலாம். தர்மாஸ்பத்திரிகள் பலவற்றை ஜில்லா போர்டும் தாலுகா போர்டும்தான் நடத்தின.

கிராமத்து டாக்டர்களைத் தேடுகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: இன்றைய மாவட்டத்தை மறந்துவிட்டு, அந்த வருஷம் அவருக்குச் சம்பளம் கொடுத்தது யார் என்று கேளுங்கள். கோப்பு அங்கேதான் இருக்கும். சமஸ்தானம் 1948-இல்தான் இந்தியாவோடு சேர்ந்தது. அதுவரை அவர்களுக்குத் தனி வைத்திய இலாகா, தனி நிர்வாக அறிக்கை. அறிக்கைகளைப் பசலி ஆண்டை (ஜூலையில் தொடங்கும் வருவாய்க் கணக்கு ஆண்டு) வைத்துத் தேடுங்கள். பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில வருஷம் வரும். பசலி 1337 என்றால் 1927 ஜூலை முதல் 1928 ஜூன் வரை. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கேட்கும்போது 'புதுக்கோட்டை தர்பார் கோப்பு' என்று சொல்லிக் கேளுங்கள், புதுக்கோட்டையிலும் விசாரியுங்கள்.

இரண்டு எல்லைக்கும் பொதுவான ஒரு சாட்சி உண்டு. 1914-இல் மெட்ராஸ் மருத்துவப் பதிவுச் சட்டம் வந்தது. அதன்பின் தகுதி பெற்ற டாக்டர்கள் பெயர், படிப்பு, விலாசத்தோடு பதிவேட்டில் ஏறினார்கள். ராயபுரமா தஞ்சாவூரா என்பதை அந்த ஒரு வரி தீர்த்துவிடும். இனிஷியலில் ஊர்ப் பெயர் இருக்கும், சாதிப் பட்டம் ஒரு வருஷம் ஒட்டியிருக்கும், மறு வருஷம் இருக்காது. எல்லா வடிவத்திலும் பாருங்கள்.

தமிழ் வருஷங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பவ என்பது 1934–35. மாசி என்றால் 1935 பிப்ரவரி–மார்ச். இறப்புப் பதிவை 1934-இல் தேடி ஏமாறாதீர்கள். காளயுக்தி ஐப்பசி 1918 அக்டோபர்–நவம்பர். உலகத்தையே உலுக்கிய இன்ஃபுளுயன்சா நம் பக்கம் உச்சத்தில் இருந்த நேரம் அது. அந்த அம்மாள் போனது அதில்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மருந்துச்சீட்டு நோட்டில் அந்த மாதம் இருக்கிறதா?

வெள்ளாற்றங்கரை:

பழங்காகிதம் ஐயா, உங்கள் பதிலைப் படித்துவிட்டு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். இருக்கிறது. சாதாரண நாட்களில் ஒரு பக்கம் மூன்று நான்கு நாளுக்குப் போதும். 1918 அக்டோபரில் ஒரு நாளே இரண்டு பக்கம் ஓடுகிறது. காய்ச்சல், இருமல், காய்ச்சல், காய்ச்சல். குவினைன் மிக்சர் என்று எழுதி எழுதி, பிறகு எழுதவும் நேரமில்லாமல் 'மேற்படி' என்று கோடு போட்டிருக்கிறார். நவம்பர் தொடக்கத்தில் சில நாள் வெறும் தாள். அப்புறம் மறுபடி அதே கையெழுத்து, ஆனால் எழுத்து சின்னதாகிவிட்டது. ஊராருக்கு மருந்து கலந்துகொடுத்த மனிதர் வீட்டில் என்ன நடந்தது என்று இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. அம்மாவிடம் சொன்னேன், வெகுநேரம் பேசவில்லை.

பழங்காகிதம்:

இந்த நோட்டைவிடப் பெரிய ஆவணம் உங்களுக்குக் கிடைக்கப்போவதில்லை. ஒவ்வொரு பதிவிலும் தேதி, நோயாளியின் ஊர், மருந்து மூன்றையும் தனித்தாளில் எழுதிக்கொண்டே வாருங்கள். அறந்தாங்கிப் பக்கத்து ஊர்கள் எந்த மாதத்தோடு நின்று திருமயத்து ஊர்கள் தொடங்குகின்றன என்று பார்த்தால், வேலை மாறிய தேதி தானாக வந்துவிடும். அந்தத் தேதியோடு தர்பார் கோப்பைக் கேட்டால் தேடல் பாதியாகக் குறையும். கிணற்றுக்குப் பெர்மாங்கனேட் போட்டதாகக் குறிப்பு வந்தால், அந்த ஊரில் காலரா பயம் இருந்தது என்று அர்த்தம்.

தயவுசெய்து தாள்களை லேமினேட் செய்யாதீர்கள். செலோ டேப்பும் வேண்டாம். ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கமாகப் படமெடுங்கள், வெற்றுத் தாள்களையும் சேர்த்து.

பதிவுத்துறை ஓய்வு:

அம்மா, பத்திரத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லையே. சார்பதிவாளர் அலுவலகத்தில் காலம் தள்ளியவன் நான். பழைய கிரயப் பத்திரத்தில் சொத்தைவிட மனிதர்களைப் பற்றித்தான் செய்தி அதிகம். எழுதிக் கொடுப்பவர், வாங்குபவர் இருவருக்கும் தகப்பன் பெயர், குடியிருக்கும் ஊர், ஜீவனம் எல்லாம் வரும். 'வைத்திய ஜீவனம்' என்றே எழுதியிருப்பார்கள். முத்திரைத்தாளின் தலைப்பைப் பாருங்கள், சமஸ்தானத்துத் தாளா என்று தெரியும். கடைசியில் சாட்சிக் கையெழுத்துகளைப் பாருங்கள். சாட்சி போடக் கூப்பிடுவது மச்சான், மாமன், பங்காளிகளைத்தான். காணாமல்போன உறவுகள் பல சமயம் அங்கேதான் அகப்படும்.

பத்திர எண்ணும் வருஷமும் தெரிந்தால் நகல் மனு போடலாம். தெரியாவிட்டால் பெயர் அட்டவணையை வைத்துத் தேடச் சொல்லி மனு எழுதுங்கள். அவ்வளவு பழையது ஆன்லைன் வில்லங்கத்தில் வராது, கையால்தான் தேட வேண்டும். உயில் எழுதியிருந்தால் அது மூன்றாம் புத்தகத்தில் இருக்கும். அதையும் தனியாகக் கேளுங்கள், சொத்துத் தேடலில் அது வராது.

ஈப்போஅக்கா:

மலேயாப் பக்கத்தை நான் பார்க்கிறேன் தங்கச்சி. டிரஸ்ஸர் என்றால் ஊசி போட்டு, புண் கட்டி, டாக்டர் வராத நாளில் ஆஸ்பத்திரியையே நடத்தியவர்கள். எஸ்டேட் ஆள் என்றால் கம்பெனிக் காகிதம், அரசாங்க ஆள் என்றால் கெஜட். சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய மலாயா செய்தித்தாள்களை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. தமிழ் முரசு 1935-இல் தொடங்கியது, அதையும் பாருங்கள். கல்யாணச் செய்தி, மரணச் செய்தி வரும். அந்தப் பெண் வளர்ந்து புருஷன் பெயரில்தான் இருப்பாள், அதனால் மாமன் பெயரைப் பிடிப்பதுதான் வழி. ஜப்பான்காரன் காலத்தில் ஊருக்குக் கடிதப் போக்குவரத்து அறுந்தது, பல குடும்பங்கள் அப்படித்தான் பிரிந்தன. அவர்கள் உங்களை விட்டுவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள்.

வெள்ளாற்றங்கரை:

பத்திரத்தைக் கண்ணாடி வைத்துப் படித்தேன். பிரபவ வருஷம் வைகாசி, அதாவது 1927. தாத்தாவின் தகப்பனார் பெயரும் பூர்வீக ஊரும் தெளிவாக இருக்கின்றன. எங்கள் வீட்டில் யாருக்கும் அந்த ஊர் தெரியாது! இரண்டாவது சாட்சி 'மேற்படியார் மைத்துனர், பினாங்கு' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். அம்மாவின் பாட்டிக்கு, அதாவது இரண்டாவது மனைவிக்கு, உடன்பிறந்த ஆண்கள் கிடையாது என்று அம்மா சொல்கிறார். அப்படியானால் இவர் முதல் மனைவியின் தம்பியாகத்தான் இருக்க வேண்டும். முதல் மனைவி போய் எட்டு வருஷத்துக்கு மேல் ஆனபிறகும் வந்து சாட்சி போட்டிருக்கிறார்.

பதிவுத்துறை ஓய்வு:

நல்லது அம்மா. அந்தப் பூர்வீக ஊர் எந்தச் சார்பதிவு எல்லையில் வருகிறது என்று கேட்டுவிட்டு, தகப்பனார் பெயரில் பாகப்பிரிவினைப் பத்திரம் இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். அது கிடைத்தால் அண்ணன் தம்பிகள் அத்தனை பேரும் ஒரே தாளில் வந்துவிடுவார்கள்.

ஈப்போஅக்கா:

பினாங்கா! இத்தனை நாள் நான் எங்கள் ஈப்போ இருக்கும் பேராக் மாநிலத்தை மனதில் வைத்திருந்தேன். மாமன் பெயரை இங்கே போட வேண்டாம், அவர் வாரிசுகள் யாராவது இருக்கலாம். இனிஷியலோடு, பத்திரத்தில் கையெழுத்து இருக்கும் பகுதியை மட்டும் படமெடுத்துத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். பினாங்குப் பத்திரிகைகளில் 1927-லிருந்து தேட ஆரம்பிக்கிறேன்.